சேற்றுக்குள் மூச்சு: நெல்வேரும் மண்வளியும் குறித்த கோயமுத்தூர் ஆய்வுகளும் லண்டன் தொடர்பும்

1913-ஆம் ஆண்டில் இந்திய வேளாண் துறையின் நினைவேட்டு வரிசையில், வேதியியல் பிரிவில், ஓர் ஆய்வுரை வெளிவந்தது. நீர் தேங்கிய நெல்மண்ணில் உண்டாகும் வளிகள் யாவை, அவற்றுக்கும் பயிருக்கும் உள்ள உறவு யாது என்பதே அதன் பொருள். எழுதியோர் இருவர். ஒருவர் சென்னை மாகாண அரசின் வேளாண் வேதியியலர் டபிள்யூ. எச். ஹாரிசன், மற்றவர் அவருடைய உதவியாளர் பி. ஏ. சுப்பிரமணிய ஐயர். ஆய்வு நடந்தது கோயமுத்தூரில். நினைவேடுகளோ வட பீகாரிலுள்ள பூசா ஆய்வு நிறுவனத்தின் பெயர் தாங்கி, கல்கத்தாவில் தாக்கர் ஸ்பிங்க், லண்டனில் கிரீடு லேன் 2-ஆம் எண் முகவரியில் டபிள்யூ. தாக்கர் ஆகிய பதிப்பகங்களின் வழியாக வெளிவந்தன. தூய பவுல் பேராலயத்தின் அருகே உள்ள அந்தக் குறுந்தெருவின் பெயர் இடம்பெற்ற பதிப்புக் குறிப்பில் கோயமுத்தூருக்கு இடமில்லை. நொய்யல் கரையின் சேறு உலக அறிவியலுக்குள் நுழைந்த வழி இதுவே.

அவ்வாய்வுரையும் அதனைத் தொடர்ந்து 1920 வரை வந்த பகுதிகளும் எதைக் கண்டன, எதைக் காணத் தவறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழர் அறிவியல் வரலாறு பற்றிய உரைகள் பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்கின்றன. எல்லாம் பண்டே நம்மிடம் இருந்தது என்பது ஒன்று. எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையில், சம்பளப் பட்டியலில் உதவியாளர் என்று குறிக்கப்பெற்று, ஆய்வுக்கூடத்தில் குழாயும் குடுவையும் ஏந்தி நின்றவர்களின் வரலாறு எழுதப்படாமலே கிடக்கிறது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. தமிழ்நாட்டில் கரியமில வாயு என்றும் இலங்கையில் காபனீரொட்சைட்டு என்றும் வழங்கும் பொருள் ஒன்றே. இங்கு முன்னதே ஆளப்படுகிறது.

வேர் மூச்சுவிடுகிறது என்பதை ஐரோப்பிய அறிவியல் செய்முறையால் காட்டியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜெனீவாவைச் சேர்ந்த தியோடோர் த சொசூர் 1804-இல் வெளியிட்ட நூலில், இளஞ்செடிகளின் வேர்களை வெவ்வேறு வளிகளில் வைத்துப் பார்த்த சோதனைகள் உள்ளன. சாதாரணக் காற்றில் வைத்தவை பிழைத்தன. நைட்ரஜனிலும் ஹைட்ரஜனிலும் வைத்தவை மடிந்தன. கரியமில வாயுவில் வைத்தவையோ அவற்றுக்கும் முன்னரே மடிந்தன. இந்த வரிசை கவனிக்கத்தக்கது. ஆக்சிஜன் இல்லாமை மட்டுமே காரணமெனில் மூன்றும் ஒரே காலத்தில் மடிந்திருக்க வேண்டும். கரியமில வாயுவுக்குத் தனியே ஒரு தீங்கு உண்டு என்ற எண்ணம் இங்கிருந்தே தோன்றுகிறது. பின்வந்த நூறாண்டுக் காலம் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாமல் தடுமாறியது. மண்ணில் ஒன்று குறையும்போது மற்றது கூடுவதே வழக்கம் என்பதால் அத்தடுமாற்றம் வியப்புக்குரியதன்று.

1853-இல் பிரான்சில் பூசிங்கோவும் லெவியும் மண்ணிடைக் காற்றைப் பகுத்து, அதில் கரியமில வாயு வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி என்று காட்டினர். வேர்கள் விடும் மூச்சும், மக்கும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் விடும் மூச்சும் அங்கே கூடுகின்றன. அதனால் தீமை மட்டுமே விளைகிறது என்று கொள்வதற்கும் இல்லை. மெருகேற்றிய சலவைக்கல்லின் மேல் வளர்ந்த வேர் தன் தடத்தைக் கல்லில் அரித்து வைப்பதை ஜெர்மானியத் தாவரவியலர் யூலியஸ் சாக்ஸ் காட்டினார். வேர் விடும் கரியமில வாயு மண்நீரில் கரைந்து மென்காடியாகிக் கனிமங்களைக் கரைக்கிறது. பயிர் உண்பதில் ஒரு பங்கு அவ்வாறு கிடைப்பது.

இங்கிலாந்தில் இக்கேள்வி ராதம்ஸ்டெட்டில் உரிய அளவீட்டைப் பெற்றது. லண்டனுக்கு வடக்கே ஆர்ப்பெண்டனில் 1843-இல் தொடங்கிய அந்நிலையத்தில், ஈ. ஜே. ரசலும் ஆப்பில்யார்டும் மண்வளியைப் பருவந்தோறும் பகுத்து 1915-இல் வெளியிட்டனர். வெளிக்காற்றில் ஏறத்தாழ 0.03 விழுக்காடாக இருந்த கரியமில வாயு, அங்குள்ள சாகுபடி மண்ணின் காற்றில் சராசரி 0.25 விழுக்காடு அளவில் இருந்தது. ஆக்சிஜன் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் மண்துகள்களைச் சூழ்ந்த நீரில் கரைந்துள்ள வளியைத் தனியே பிரித்தபோது, அதில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. கரியமில வாயுவும் நைட்ரஜனுமே இருந்தன. ஒரே மண்ணுக்குள் இரண்டு வளிமண்டலங்கள் இருப்பதை அவர்கள் கண்டனர். இது குளிர்நாட்டு மேட்டுநிலம் பற்றிய செய்தி. அந்த இரண்டாவது வளிமண்டலம் மட்டுமே எஞ்சிய வயலில் என்ன நிகழும்? அக்கேள்விக்கு விடை தேடும் பணி அதற்கு இரண்டாண்டு முன்னரே கோயமுத்தூரில் தொடங்கியிருந்தது.

கோயமுத்தூருக்கு அந்த ஆய்வுக்கூடம் வந்த கதை லண்டனில் தொடங்குகிறது. இங்கிலாந்து ராயல் வேளாண் சங்கத்தின் ஆலோசக வேதியியலர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கரை இந்தியச் செயலர் 1889-இல் இந்தியாவுக்கு அனுப்பினார். நாடெங்கும் சுற்றிய அவர் 1893-இல் அளித்த அறிக்கை, இந்திய உழவர் அறியாதவர் என்ற பொது எண்ணத்தை மறுத்தது; பல இடங்களில் அவர்கள் ஆங்கில உழவருக்கு நிகர், சிலவற்றில் மேலானவர் என்றது. அரசுக்கு வேளாண் வேதியியலர் வேண்டும் என்ற கோரிக்கையும் அக்காலத்தில் வலுத்தது. ஜே. டபிள்யூ. லெதர் 1892-இல் அப்பதவியை ஏற்றார். கர்சன் காலத்தில் 1905-இல் பூசா நிறுவனம் எழுந்தது. 1868 முதல் சைதாப்பேட்டையில் நடந்துவந்த வேளாண் கல்வி 1906-இல் கோயமுத்தூருக்குப் பெயர்ந்தது. நெல்வயல் அருகிலிருக்கும் வேதியியல் கூடம் என்பது இப்பெயர்ச்சியால் கிட்டிய வாய்ப்பு.

நெல்வயல் வேதியியலருக்கு ஒரு புதிராக இருந்தது. தொளியடித்து நீர் கட்டிய சேற்றில் காற்று புகுவதில்லை. நீரில் வளிகள் ஊடுருவும் வேகம் காற்றில் ஊடுருவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. அச்சேற்றில் உழவர் கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, சணப்பு முதலிய தழைகளை மிதித்து அழுகவிடுகின்றனர். அழுகல் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவைப் பெருக்கும். ஐரோப்பியப் பாடநூல் கொண்டு பார்த்தால் வேர் மூச்சடைத்து இறக்க வேண்டும். நெல்லோ தழைத்து வளர்கிறது. தழை மிதித்த வயலில் மேலும் நன்றாக வளர்கிறது.

ஹாரிசனும் சுப்பிரமணிய ஐயரும் முதலில் சேற்றுக்குள் அடைபட்ட வளியைச் சேகரித்துப் பகுத்தனர். அதில் பெரும்பகுதி மீத்தேனும் நைட்ரஜனும்; கரியமில வாயு சிறிதளவே; ஹைட்ரஜன் சிறிது; ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. கரியமில வாயு சிறிதளவே அகப்பட்டதனால் அது சிறிதளவே உண்டாயிற்று என்று கொள்ளலாகாது. ஆக்சிஜனைவிட அது நீரில் முப்பது மடங்கு அளவில் கரையவல்லது. ஆகவே குமிழியில் தங்காமல் சேற்று நீரில் மறைந்து நிற்கிறது. பின்னர் வயலின் மேற்பரப்பிலிருந்து எழும் குமிழிகளைப் பகுத்தபோது வேறொரு கலவை கிடைத்தது. அதில் மீத்தேனுக்கு மாறாக ஆக்சிஜனும் நைட்ரஜனும் இருந்தன. கீழே ஒன்று புறப்பட, மேலே வேறொன்று வெளிவருகிறது. இடையில் ஏதோ ஒன்று மாற்றுகிறது.

அந்த இடைப்பொருள் சேற்றின் மேல் படர்ந்த மெல்லிய படலம். உழவர் கண்ணுக்கு அது வெறும் பாசி. ஆய்வாளர் அதில் பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வாழ்வதைக் கண்டனர். கீழிருந்து எழும் மீத்தேனையும் ஹைட்ரஜனையும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனோடு சேர்த்துக் கரியமில வாயுவும் நீரும் ஆக்குகின்றன. அக்கரியமில வாயுவைப் பாசி வெயிலில் உண்டு ஆக்சிஜனை விடுகிறது. அந்த ஆக்சிஜன் நீரில் கரைகிறது. வயலில் மென்மையான வடிகால் இருந்தால், ஆக்சிஜன் கரைந்த நீர் மெல்லக் கீழிறங்கி மேல்மண்ணில் பின்னிக் கிடக்கும் நெல்வேர்களைச் சென்றடைகிறது. 1914-இல் வந்த இரண்டாம் பகுதி இவ்விளக்கத்தை முழுமையாக வைத்தது. தழையுரத்தின் நன்மையில் ஒரு பங்கு இதனால் வருவதென்றும் அது வாதிட்டது: தழை அழுகி எழும் வளிகள் படலத்துக்கு உணவாகின்றன, படலம் செழித்தால் வேருக்குக் காற்று மிகும். வேருக்கு நஞ்சென்று கருதப்பட்டதே சுற்றி வந்து வேரின் மூச்சாகிறது என்ற இக்கருத்து அக்காலத்துக்குப் புதிது. ரசல் தமது புகழ்பெற்ற பாடநூலில் இவ்வாய்வுகளை எடுத்தாண்டார். அந்நூலின் வழியாகக் கோயமுத்தூர் வயல் ஆங்கிலம் பயிலும் நாடுகளின் வகுப்பறைகளுக்குச் சென்றது.

ஆய்வு மேலும் தொடர்ந்தது. 1916-இல் வந்த பகுதி, சேற்றிலிருந்து எழும் நைட்ரஜனின் மூலத்தை ஆராய்ந்தது. 1920-இல் ஐந்தாம் பகுதி நெல்மண்ணில் மீத்தேனை உண்ணும் ஒரு நுண்ணுயிரைப் பற்றிப் பேசியது. அதனைச் சுப்பிரமணிய ஐயர் தம் பெயரில் மட்டும் வெளியிட்டார். டெல்ஃப்ட் நகரில் சோங்கன் அத்தகைய நுண்ணுயிரை முதன்முதல் பிரித்தெடுத்து 1906-இல் அறிவித்திருந்தார். ஆகவே மீத்தேன் உண்ணி என்ற கண்டுபிடிப்பு கோயமுத்தூருடையதன்று. ஆனால் அவ்வுயிர் நெல்வயலில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பயிரோடும் மண்ணோடும் சேர்த்துக் காட்டியது கோயமுத்தூரே. அதே ஆண்டின் ஆறாம் பகுதி கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் தனியே எடுத்துக்கொண்டது.

அதே காலத்தில் பூசாவில் வேறொரு குரல் எழுந்தது. ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் துணைவியார் கேப்ரியேல் ஹோவர்டும் 1915-இல் மண்ணின் காற்றோட்டம் பற்றித் தனி வெளியீடு ஒன்றைக் கொணர்ந்தனர். கேப்ரியேல் கேம்பிரிட்ஜில் பிளாக்மனோடு ஒளிச்சேர்க்கையை ஆய்ந்தவர். கணவரின் நிழலாக மட்டும் அவரைக் குறிக்கும் வழக்கம் திருத்தப்பட வேண்டியது. உடைந்த ஓட்டுத் துண்டுகளை வண்டல் மண்ணில் கலந்து விளைச்சல் கூடுவதை இவர்கள் காட்டினர். பீகாரில் அவுரி வாடியதற்கு மழைக்கால நீர்த்தேக்கத்தில் வேர் மூச்சடைப்பதே காரணம் என்றனர். லெதரும் 1915-இல் மண்வளிகள் பற்றி எழுதினார்.

ஹோவர்டின் பெரும் வழக்கு புல்லைப் பற்றியது. பழமரங்களின் அடியில் புல் வளர்ந்தால் மரம் நலிவது ஏன்? இங்கிலாந்தில் ஓபர்ன் பழப்பண்ணையில் ஸ்பென்சர் பிக்கரிங் பல்லாண்டு ஆய்ந்து, புல்வேரிலிருந்து ஏதோ நஞ்சு கசிகிறது என்ற முடிவுக்கு வந்தார். பூசாவில் 1919-இல் புல் மூடிய நிலத்தின் மண்வளியையும் உழுது திறந்த நிலத்தின் மண்வளியையும் ஒப்பிட்டபோது, மழைக்காலத்தில் புல்லின் கீழ்க் கரியமில வாயு ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. அவ்வளவீடுகளைச் செய்தவர் வேதியியல் பிரிவின் ஜதீந்திரநாத் முகர்ஜி. தனி நஞ்சு வேண்டியதில்லை, புல் காற்றை மறித்து வேரைத் திணறடிக்கிறது என்று வாதிட்ட ஹோவர்டின் கட்டுரை 1925-இல் லண்டன் ராயல் கழகத்தின் நடவடிக்கைகளில் இடம்பெற்றது. பிக்கரிங் 1920-இலேயே மறைந்துவிட்டதால் மறுமொழி வரவில்லை. இவ்வழக்கில் ஹோவர்டு கூறியது முழு உண்மை என்று இன்று எவரும் கொள்வதில்லை. நீருக்கும் நைட்ரஜனுக்கும் புல் இடும் போட்டியை அவர் குறைத்தே மதிப்பிட்டார்.

கோயமுத்தூர் விளக்கத்திலும் ஒரு பெரிய விடுபாடு உண்டு. நெல்வேருக்கு வேண்டிய காற்று மண்ணின் மேலிருந்து நீர்வழியே இறங்குகிறது என்று அவர்கள் நம்பினர். நெல் தன் உடலுக்குள்ளேயே வழி வைத்திருப்பதை அவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. இலை முதல் வேர் நுனி வரை தொடரும் காற்றறைத் திசு, மேலே உள்ள ஆக்சிஜனைக் கீழே கொண்டுசெல்கிறது. ஜாவாவில் பைட்டன்சோர்க் தாவரத் தோட்டத்தின் ஆய்விதழில் 1941-இல் வான் ரால்ட்டே நெல்வேரின் ஆக்சிஜன் வழங்கல் பற்றி எழுதியபோது இது தெளிவாயிற்று. வேர் ஆக்சிஜனைப் பெறுவதோடு தன்னைச் சுற்றிய சேற்றுக்கும் சிறிது கசியவிடுகிறது. பிடுங்கிய நெல்வேரின் மேல் காணும் செங்காவி நிறம் அதன் சாட்சி. கரைந்திருந்த இரும்பு அங்கே துருவாகப் படிகிறது. நடவுப் பெண்களும் களையெடுப்போரும் நாள்தோறும் கண்ட நிறம் அது. தழையுரத்தின் நன்மை பெரும்பாலும் அது தரும் நைட்ரஜனால் வருவது என்பதும் பின்னர் நிலைபெற்றது. இவ்விரு திருத்தங்களுக்குப் பிறகும் படலம் பற்றிய கண்டுபிடிப்பு சிதையவில்லை.

கரியமில வாயு வேருக்குத் தானே தீங்கு செய்யுமா என்ற பழைய கேள்வியை நெல்மண்ணில் அளவோடு எதிர்கொண்டவர் இலங்கையரான எஃப். என். பொன்னம்பெரும. பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோசில் அமைந்த பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் மண் வேதியியலராக இருந்த அவர், நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியல் பற்றி 1972-இல் எழுதிய நெடுங்கட்டுரை இன்றும் அத்துறையின் அடித்தளம். நீர் கட்டிய ஒன்று முதல் மூன்று வாரங்களில் கரியமில வாயுவின் பகுதியழுத்தம் 0.2 முதல் 0.8 வளிமண்டல அளவு வரை ஏறி, பின் 0.05 முதல் 0.2 வரையிலான நிலைக்கு இறங்குகிறது என்று அவர் காட்டினார். வெளிக்காற்றில் அது 0.0004 அளவினதே. உச்சநிலை நாற்றுக்கு நல்லதன்று. தழை மிதித்தபின் சில நாள் அழுகவிட்டு நடும் வழக்கத்துக்கு இதில் ஒரு காரணம் கிடைக்கிறது. மறுபுறம், அதே வாயு களர்த்தன்மை மிகுந்த மண்ணின் காரத்தைத் தணித்து நடுநிலைக்குக் கொண்டுவருகிறது. பல சத்துகள் வேருக்கு எளிதாகின்றன. சுண்ணாம்பு மிகுந்த மேட்டு நிலத்திலோ கதை வேறு. அங்கு ஈரம் மிஞ்சி மண்வளி தேங்கினால், கரியமில வாயு பைகார்பனேட்டாகி இரும்பை வேர் எடுப்பதைக் கெடுக்கிறது. நிலக்கடலை வயல் மழைக்குப்பின் மஞ்சளாகி நிற்பதற்கு இது ஒரு காரணம். ஒரே வாயு, ஒரு மண்ணில் உதவி, ஒரு மண்ணில் இடர்.

தமிழ் உழவர் வழக்கில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்றொரு தொடர் உண்டு. வயலில் நீரை ஓயாது தேக்காமல், மண் மயிர்க்கோடாக வெடிக்கும் வரை காயவிட்டு மீண்டும் பாய்ச்சுவது. காயும்போது தேங்கிய வளி வெளியேறிக் காற்று உள்ளே புகுகிறது. செம்மை நெல் சாகுபடியில் இம்முறை இன்று பரிந்துரையாக உள்ளது. மீத்தேனைக் குறைக்கும் வழி என்று உலக நிறுவனங்களும் இதனைப் பேசுகின்றன. இதனைக் கொண்டு பண்டை உழவர் கரியமில வாயுவை அறிந்திருந்தனர் என்று எழுதுவோர் உளர். திருக்குறளின் உழவு அதிகாரம் உழுத மண்ணைக் காயவிடுதலைச் சிறப்பிப்பதையும் அவர்கள் சான்றாகக் காட்டுவர். அது புழுதி உழவு பற்றியது. சேற்று வயலைப் பற்றியதன்று. செய்முறை அறிவும் காரண அறிவும் வெவ்வேறு. முன்னதை மெச்சுவதற்குப் பின்னதை அதன்மேல் ஏற்றிவைக்கத் தேவையில்லை. அவ்வாறு ஏற்றும்போது உண்மையில் காரணத்தைத் தேடிய தமிழரின் உழைப்பு கண்ணுக்கு மறைகிறது என்பதே பெரிய இழப்பு.

இத்தேடலுக்கு அரசியல் பயனும் உண்டு என்பது பின்னர் தெரிந்தது. நெல்வயல் மீத்தேன் புவி வெப்பத்துக்குக் காரணம் என்ற பேச்சு 1980-களில் எழுந்தபோது, இந்திய வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தலைமையில் 1991-இல் பல மாநில வயல்களில் நேரில் அளந்தபோது அது ஏறத்தாழ 40 லட்சம் டன் என்று வந்தது. வெவ்வேறு மண், வெவ்வேறு நீர்ப்பாய்ச்சல் என்பதைக் கருதாமல் வேற்றிட அளவுகளைப் பெருக்கியதே பிழையின் வேர். எழும் மீத்தேனில் ஒரு பகுதி மண்ணின் மேற்பரப்பிலும் வேரின் அருகிலும் உண்ணப்பட்டுவிடுகிறது என்பது இன்றைய கணக்கீடுகளின் ஒரு கூறு. அதன் முதல் விளக்கங்களுள் ஒன்று 1913-ஆம் ஆண்டின் கோயமுத்தூர் ஆய்வுரையில் உள்ளது.

அவ்வாய்வுரையை இன்றைய கட்டுரைகள் ‘ஹாரிசன், ஐயர் 1913’ என்று சுட்டுகின்றன. ஆங்கில முறைப்படி இறுதிச் சொல் குடும்பப் பெயராகக் கொள்ளப்பட்டதால் சாதிப் பெயர் நின்றது. சுப்பிரமணியம் என்ற அவருடைய சொந்தப் பெயர் தலையெழுத்தாகச் சுருங்கிப் பின்னுக்குப் போயிற்று. அதிலும் ஐயர் என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒருவரே இருவராகவும் மூவராகவும் அட்டவணைகளில் பிரிந்து கிடக்கிறார். இந்திய அலுவலக நூலகத்தின் தொகுதிகள் 1982-இல் பிரித்தானிய நூலகத்துக்கு மாறின. இப்போது அவை செயின்ட் பாங்கிரஸ் கட்டடத்தில் ஆய்வாளருக்குத் திறந்துள்ளன. அங்கும், சென்னையிலும் கோயமுத்தூரிலும் உள்ள நூலகங்களிலும், நினைவேட்டு வரிசையின் தலைப்புப் பக்கங்களையும் மாகாண வேளாண் துறையின் ஆண்டறிக்கைகளையும் ஒருங்கே வைத்து, உதவியாளர்களாகப் பணியாற்றியோரின் பெயர்களை அவரவர் சொந்தப் பெயரின் கீழ்த் தொகுக்கும் பட்டியல் ஒன்று முதலில் வேண்டும்.